தலைமறைவா, அடியோட்டமா?

தொலைக்காட்சியையும் நுகர்வுப் பண்பாட்டையும் எள்ளுகின்ற அமெரிக்கச் சோதனைப் படங்களின் திரையிடலுக்காக அண்மையில் வந்த அழைப்பிதழ் ஒன்றில், ‘அண்டர்கிரவுண்ட்’ என்பதைத் ‘தலைமறைவுத் திரைப்படம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். கட்டுரைகளிலும் உரைகளிலும் இதே பிழையைப் பலமுறை கண்டுவிட்டதால், இனியும் வாளாவிருப்பது சரியாகாது.

‘நிலத்துக்கு அடியில்’ என்பதே அந்த ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மறைவாக இயங்கிய எதிர்ப்பியக்கங்களுக்கும் அது பெயராக வழங்கியது. 1957இல் விமர்சகர் மேனி ஃபார்பர் அதைத் திரைப்படத்துக்குக் கொண்டுவந்தபோது, ஹாலிவுட்டின் அதிரடிப் பட இயக்குநர்களைத்தான் குறித்தார். அறுபதுகளில், படநிறுவனங்களைச் சாராமல் பெரும்பாலும் 16 மி.மீ. சுருளில் எடுக்கப்பட்ட படங்களுக்கு அது நிலைத்துவிட்டது.

தமிழில் தலைமறைவாவது ஆள். அதுவும் காவல்துறை தேடுகிற ஆள். இத்தகைய படங்களை எடுத்த நியூயார்க் இயக்குநர்களோ 1962இல் தங்களுக்கென ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கி, படப்பட்டியலை அச்சிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் படச்சுருளை வாடகைக்குக் கொடுத்தார்கள். பட்டியல் போட்டு வாடகைக்கு விடுவதைத் தலைமறைவு என்று எந்தத் தமிழர் சொல்வார்? 1964இல் ஒரு படத்தைக் காவலர்கள் பறிமுதல் செய்தது உண்மைதான். ஆனால், பார்வையாளர் முன்னிலையில் ஓடிக்கொண்டிருந்த படத்தையே ஆபாசம் என்று கைப்பற்றினார்கள். ‘பாதாளப் படம்’ என்பது இதனினும் கேடு. இலங்கைச் செய்தித்தாள் படிப்பவருக்குப் பாதாள உலகக் கும்பல்தான் நினைவுக்கு வரும். ‘நிலத்தடி’யோ நீருக்கே உரியதாகிவிட்டது. அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்துக்கொண்டு, சொல் எதைச் சுட்டுகிறது என்று பாராமலே மொழிபெயர்ப்பதால் வரும் வினை இது.

இப்படங்களில் மறைந்திருப்பது ஆளன்று, பழிப்பு. புரூஸ் கானரின் ‘ரிப்போர்ட்’ (1963–67) என்ற 13 நிமிடப் படத்தில் இயக்குநர் தம் சொந்தக் கருத்தாக ஒரு சொல்லும் பேசுவதில்லை. அமெரிக்க அதிபர் கென்னடியின் கொலையைப் பற்றிய வானொலிக் குரல் ஒலிக்க, அவர் சென்ற கார் திரும்பத் திரும்ப வருகிறது. பிறகு படமே இல்லாமல் திரை வெளுத்தும் கறுத்தும் துடிக்கிறது. குளிர்பதனப் பெட்டி விளம்பரம் இடையே புகுகிறது. இறுதியில் ‘விற்க’ என்ற பொத்தான் அழுத்தப்படுகிறது. ஒரு மரணத்தைத் தொலைக்காட்சி சரக்காக்கிவிட்டது என்பதை நாமே உணர்ந்துகொள்கிறோம். தொல்காப்பியம் அங்கதத்தை, அதாவது பழித்துரைப்பதை, வெளிப்படையாகப் பழிக்கும் செம்பொருள், மறைத்துப் பழிக்கும் பழிகரப்பு என இரண்டாகப் பிரிக்கிறதே, அதில் இது இரண்டாவது வகை. ஆகவே ‘ஸட்டயர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் ‘கேலிப் படம்’ என்று எழுதுவதும் குறைவானதே. அங்கதம் என்ற சொல் கைவசம் இருக்கிறது.

ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்துவைக்கும் ‘கரந்துறை பாட்டை’ ஒட்டிக் ‘கரந்துறை படம்’ என்று சொல்ல எனக்கு ஆசை உண்டு. ஆயினும் ஒவ்வொரு முறையும் அதற்கு விளக்கம் தர வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன். ‘அடியோட்டத் திரைப்படம்’ என்பதே என் தேர்வு. மேற்பரப்பில் ஓடும் வணிகப் படத்துக்குக் கீழே, அதே ஆற்றில், வேறு திசையில் இழுக்கும் நீர் அது. ‘அடி’ என்ற இடப்பொருளும் கெடவில்லை, குற்றத்தின் வாடையும் இல்லை. ‘அறுபதுகளின் அடியோட்டத் திரைப்படங்கள் விளம்பரங்களை வெட்டி ஒட்டியே தொலைக்காட்சியை எள்ளின’ என்று எழுதினால் அடைப்புக்குறி விளக்கம் எதுவும் வேண்டியதில்லை.