அணுமின் துறையின் கூட்டமைப்புகள் யாருடைய குரல்?

அணுமின் நிலையங்களுக்கான அழுத்தக் கலன்களும் குழாய்ப் பாகங்களும் தயாராகும் பட்டறைகளில் தர ஆய்வுப் பணி செய்பவன் என்ற முறையில், ஒரு குழப்பத்தைத் தொடர்ந்து கண்டு வருகிறேன். ‘சர்வதேச அணுசக்தி அமைப்பே சொல்லியிருக்கிறது’ என்று ஒருவர் எடுத்துக்காட்டும் புள்ளிவிவரத்தைத் தேடிப் போனால், அது பெரும்பாலும் வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமை வெளியிட்டதாக இருப்பதில்லை. லண்டனில் இயங்கும் உலக அணுசக்திச் சங்கம் வெளியிட்டதாக இருக்கிறது. முன்னது 1957இல் அரசுகள் கூடி ஏற்படுத்தியது. அணுப்பொருள் ஆயுதத்துக்குத் திருப்பிவிடப்படாமல் கண்காணிக்கும் பொறுப்பு அதற்கு உண்டு. பின்னது யுரேனியச் சுரங்க நிறுவனங்கள், செறிவூட்டும் நிறுவனங்கள், உலை விற்பனையாளர்கள், மின் நிறுவனங்கள் ஆகியோர் கட்டணம் செலுத்தி நடத்தும் தொழில்துறைக் கூட்டமைப்பு. அதன் தகவல் பக்கங்கள் உழைத்துத் தயாரிக்கப்பட்டவை என்பதில் எனக்கு ஐயமில்லை. நானே அவற்றைப் பயன்படுத்துகிறேன். ஆனால் தம் தொழில் வளர வேண்டும் என்ற நோக்கம் உடையவர்கள் எழுதியவை அவை என்பது வாசிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘கட்டப்பட்டு வருபவை’, ‘திட்டமிடப்பட்டவை’, ‘முன்மொழியப்பட்டவை’ என அந்தச் சங்கம் உலைகளைத் தனித்தனியாகவே பட்டியலிடுகிறது. மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்பவர்கள் அந்தப் பட்டியலை மேடையில் எடுத்துப் பேசுபவர்கள்தாம்.

இச்சங்கத்தின் பிறப்பும் சந்தையோடு பிணைந்தது. 1975இல் லண்டனில் யுரேனியக் கழகம் என்ற பெயரில் உற்பத்தியாளர்கள் இதைத் தொடங்கினர். 2001இல் இன்றைய பெயர் வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் பல நாடுகளின் யுரேனிய உற்பத்தியாளர்கள் விலையையும் பங்கையும் மறைவாகப் பேசி முடிவு செய்த கதை பின்னர் வெளியாகி, அமெரிக்க உலைத் தயாரிப்பாளரான வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 1976இல் அவர்கள்மேல் வழக்குத் தொடுத்தது. அந்த மறைமுகக் கூட்டு வேறு, கழகம் வேறு. எனினும் ஒரே துறையின் போட்டியாளர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமரும்போது எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்ற எச்சரிக்கை அந்தத் தலைமுறைக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை அது விளக்குகிறது.

மூன்றாவதாக ஓர் அமைப்பும் இவற்றோடு சேர்த்துக் குழப்பப்படுகிறது. 1979இல் அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணுமின் நிலைய விபத்துக்குப் பின், நிலையங்களின் பாதுகாப்பை உயர்த்த அமெரிக்க மின் நிறுவனங்கள் அணுமின் இயக்கக் கழகத்தை நிறுவின. 1986இல் செர்னோபில் வெடித்ததை அடுத்து, உலகளவில் அதே நோக்கோடு 1989இல் அணுமின் இயக்குநர்களின் உலகச் சங்கம் மாஸ்கோவில் தொடங்கப்பட்டது. இது அரசியல்வாதிகளிடம் ஆதரவு திரட்டும் சங்கம் அன்று. ஒரு நிலையத்தின் பொறியாளர்கள் இன்னொரு நிலையத்துக்குச் சென்று வாரக்கணக்கில் பார்த்து, குறைகளை நேருக்கு நேர் சொல்லும் முறையை அது நடத்துகிறது. அந்த அறிக்கைகள் பொதுமக்களுக்கு வெளியிடப்படுவதில்லை. வெளியே வராது என்ற உறுதி இருப்பதால்தான் ஊழியர்கள் மனம் திறந்து பேசுகிறார்கள் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. நிலையத்தின் அருகே குடியிருப்பவர் கேட்கும் கேள்விக்கு அந்த வாதம் பதிலாகாது என்பதும் உண்மையே.

என் வேலையை நேரடியாகத் தொடும் பகுதிக்கு வருகிறேன். உலைப் பாகங்களை எப்படிச் செய்து சோதிக்க வேண்டும் என்று சொல்லும் விதிகள், அமெரிக்க வடிவமைப்பு உலைக்கு ஏஎஸ்எம்இ விதித்தொகுப்பு, பிரெஞ்சு உலைக்கு ஆர்சிசி-எம் தொகுப்பு, ரஷ்ய உலைக்கு வேறொன்று. எஃகு ஒன்றே, பற்றவைப்பவரும் ஒருவரே என்றாலும், பற்றவைப்பு முறைக்கான தகுதிச் சோதனையை ஒவ்வொரு தொகுப்பின்படியும் தனித்தனியாகச் செய்து, மாதிரித் துண்டுகளை வெட்டி, இழுத்தும் வளைத்தும் அடித்தும் பார்த்து, தனித்தனி ஆவணங்களில் கையொப்பம் பெற வேண்டியிருக்கிறது. பாதுகாப்பு இதனால் கூடுகிறதா என்று கேட்டால், பல இடங்களில் காகிதம் மட்டுமே கூடுகிறது என்பதே என் கருத்து. உலக அணுசக்திச் சங்கம் 2007இல் அமைத்த ‘கார்டெல்’ பணிக்குழு, உலை வடிவமைப்புகளின் மதிப்பீட்டையும் இவ்விதிகளையும் நாடுகளுக்கிடையே நெருங்கி வரச் செய்ய முயல்கிறது. (விலையைப் பேசி வைத்துக்கொள்ளும் கூட்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லும் ஏறத்தாழ இதே ஒலியுடையது, இந்தத் துறையின் வரலாற்றை அறிந்தவர்கள் வேறு சுருக்கப்பெயர் தேடியிருக்கலாம்.) இப்பணி மெல்லத்தான் நகர்கிறது. ஒவ்வொரு நாட்டின் ஒழுங்குமுறையாளரும் தம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பதால், தொழில்துறை ஒத்துப்போவதால் மட்டும் எதுவும் முடிந்துவிடாது.

2012இல் தென்கொரியாவில் உலைப் பாகங்கள் பலவற்றுக்குப் போலித் தரச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தது தெரியவந்து, இரண்டு உலைகள் நிறுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு கட்டுப்பாட்டுக் கம்பிவடங்களின் சோதனை அறிக்கையே பொய்யென்று வெளிப்பட்டது. நிலையத்தின் உள்ளே எவ்வளவு ஒழுங்கு இருந்தாலும், பத்துக் கை மாறி வரும் ஒரு வால்வின் காகிதத்தில் பொய் நுழைந்துவிடலாம். 2018இல் வந்த ஐஎஸ்ஓ 19443 என்ற தரநிலை, துணை ஒப்பந்தக்காரர் வரை பாதுகாப்புப் பண்பாட்டைக் கொண்டுசெல்லவும், போலிப் பொருள்களைத் தடுக்கவும் வழிமுறைகளைக் கேட்கிறது. துறையினரே கூடி உருவாக்கிய விதிகள் பயனுள்ளவையாக அமையலாம் என்பதற்கு இதை நான் தயங்காமல் காட்டுவேன்.

ஆனால் விதியை எழுதுபவரும் அதற்குக் கட்டுப்பட வேண்டியவரும் ஒருவராகவே இருந்தால் என்ன ஆகும்? ஃபுகுஷிமாவுக்குப் பின், 2012 மார்ச்சில் அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம், மின்சாரம் முற்றிலும் போனாலும் உலையைக் குளிர்விக்க வழி வேண்டும் என்று ஆணையிட்டது. அதை எப்படி நிறைவேற்றுவது என்ற விரிவான வழிகாட்டியை எழுதியது, அமெரிக்கத் தொழில்துறையின் சங்கமான அணுசக்திக் கழகம். எடுத்துச் செல்லத்தக்க பம்புகள், ஜெனரேட்டர்கள், நாட்டுக்குப் பொதுவாக இரண்டு அவசர உதவி மையங்கள் என அமைந்த அந்த ஆவணத்தை, ஆணையம் சில விளக்கங்களோடு அதே ஆண்டு ஆகஸ்டில் ஏற்றுக்கொண்டது. ஜப்பானில் கதை வேறு. விபத்தை ஆராய நாடாளுமன்றம் அமைத்த குழு 2012 ஜூலையில் அளித்த அறிக்கை, மின் நிறுவனங்களின் கூட்டமைப்பு புதிய பாதுகாப்பு விதிகளைத் தள்ளிப்போடவும் தளர்த்தவும் அழுத்தம் கொடுத்ததையும், கண்காணிக்க வேண்டியவர்கள் அதற்கு இசைந்து போனதையும் எடுத்துரைத்தது. இரு நாட்டிலும் வரைவைத் தூக்கிக்கொண்டு வந்தது தொழில்துறைதான். அமெரிக்காவில் எதிரே இருந்தவருக்கு அதைச் சரிபார்க்கும் அறிவும், திருப்பியனுப்பும் அதிகாரமும் இருந்தன. கடிதப் போக்குவரத்தில் பெரும்பகுதி யாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டது.

அரசியல் மேடையில் இச்சங்கங்களின் பங்கு இதைவிட வெளிப்படையானது. 2023 டிசம்பரில் துபாய் காலநிலை மாநாட்டில், 2050க்குள் அணுமின் திறனை மும்மடங்காக்குவோம் என்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அறிவித்தன. கூடவே 120 நிறுவனங்கள் தம் உறுதிமொழியில் கையொப்பமிட்டன. அதற்கு முன்னதாக அந்த முழக்கத்தைக் கொண்டு சென்றவர்கள் உலக அணுசக்திச் சங்கமும், மாநாட்டை நடத்திய நாட்டின் அணுமின் நிறுவனமும். இதில் மறைவு எதுவுமில்லை. நாடுகளின் அறிவிப்பையும் விற்பனையாளர்களின் உறுதிமொழியையும் ஒரே செய்தியாக வெளியிடும் வழக்கத்தைத்தான் நான் குறைசொல்வேன்.

அந்த அறிவிப்பில் இந்தியா அன்று கையொப்பமிடவில்லை. எனினும் சங்கங்களின் அழுத்தம் நம் சட்டத்தில் பதிந்திருக்கிறது. 2010ஆம் ஆண்டின் அணுசக்திச் சேத இழப்பீட்டுச் சட்டம், குறைபாடுள்ள பொருளால் விபத்து நேர்ந்தால் இயக்குநர் அதை வழங்கியவரிடம் ஈடு கோரலாம் என்று பிரிவு 17(பி)யில் சொன்னது. அமெரிக்க, இந்திய வணிக அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் அதை எதிர்த்தன. பொறுப்பு முழுவதும் இயக்குநர்மேல் இருப்பதே உலக மரபு என்பது அவற்றின் வாதம்; போபாலை மறக்கவில்லை என்பது எதிர்த்தரப்பின் வாதம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ‘சாந்தி’ என்ற புதிய அணுசக்திச் சட்டம் அந்தப் பிரிவைச் சேர்க்காமல் விட்டுவிட்டது. தனியார் நிறுவனங்களுக்கு வழி திறந்தது. 1983 முதல் நிர்வாக ஆணையின்பேரில் இயங்கிவந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டத் தகுதியையும் தந்தது. இனிப் புதிய இயக்குநர்கள் சங்கமாகக் கூடி, வாரியத்தின் முன் வரைவுகளோடு வந்து நிற்பார்கள். அந்த வரைவுகளும், அவற்றுக்கு வாரியம் எழுதும் பதில்களும் பொதுவெளியில் கிடைக்குமா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கப் போகிறேன்.