டென்டர் கிடைத்தது, காசு எப்போது கிடைக்கும்?

கணக்குப் பார்ப்பது என் தொழில். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் அரச அலுவலகங்களுக்குப் பொருள் வழங்கும் சிறு வியாபாரிகள் சிலரின் கொப்பிகள் என்னிடம் வரும். கடதாசி, கதிரை மேசை, ஆஸ்பத்திரிக்கு மரக்கறி, பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு என்று வழங்கும் பொருள் வேறுபடும். ஆண்டு முடிவில் தெரிவது மட்டும் ஒன்றுதான். விலைமனுவில், அதாவது டென்டருக்கு எழுதிக் கொடுக்கும் விலையில், இலாபம் இருக்கும், கையில் இருக்காது. பொருளின் விலையைக் கணக்குப் போட்டவர்கள் காசு வரும் வரை காத்திருப்பதற்கு விலை போடவில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 10 இலட்சம் ரூபாவுக்கு ஓடர். பொருளின் கொள்விலை 920,000. மிச்சம் 80,000. கொள்விலை முழுவதும் வருடத்துக்கு 15 வீத வட்டிக்கு வாங்கிய கடன் என்று வையுங்கள். காசு வர நான்கு மாதம் போனால் வட்டி மட்டும் 46,000. மீதி 34,000 ரூபாவில்தான் கொழும்பிலிருந்து லொறிக் கூலி, ஏற்று இறக்குக் கூலி, அலுவலகத்துக்கு அலைந்த பஸ் காசு எல்லாம். ஆறு மாதம் இழுத்தால் வட்டியே 69,000. அப்புறம் என்ன வியாபாரம்?

கொழும்பில் கடை வைத்திருப்பவருக்கும் இதே தாமதம்தான். ஆனால் அவரிடம் காணி உறுதி இருக்கும், அதை வைத்து வங்கியில் மேலதிகப் பற்று (ஓவர்டிராஃப்ட்) எடுப்பார். தோட்டத்து லயத்தில் பிறந்து, கடையை வாடகைக்கு எடுத்து நடத்துபவரிடம் எந்த உறுதியைக் கேட்பது? வீட்டு நகை அடகுக்குப் போகிறது. மனுவோடு வைக்க வேண்டிய உத்தரவாதமான விலைமனுப் பிணைக்கு வங்கிக்குப் போனாலும் இதே கதைதான்: ஈடு இல்லாவிட்டால் பிணைத் தொகையைக் காசாகவே வைக்கச் சொல்வார்கள். டென்டர் கிடைக்கிறதோ இல்லையோ, பிணை விடுவிக்கப்படும் வரை அந்தக் காசு அங்கேயே முடங்கிக் கிடக்கும். தோற்றவர்கள் பலர் பிணையைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதுவதே இல்லை. எழுதுங்கள்.

2022ஐ மறந்தவர் இருக்க மாட்டார்கள். மார்ச் மாதத்தில் ரூபா சரியத் தொடங்கியது. 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டதும் அந்த மார்ச்சில்தான். வற் வரி ஒரே வருடத்தில் 8இலிருந்து 12, பிறகு 15 வீதமானது. பெப்ரவரியில் நிலையான விலைக்குக் கையெழுத்து வைத்தவர்கள் மே மாதத்தில் அதே விலைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்காவிட்டால், ஒப்பந்தத்தை நிறைவேற்றுவேன் என்று வைத்த செயலாற்றுகைப் பிணை போகும், கறுப்புப் பட்டியல் பயமும் உண்டு. விலைமனு எத்தனை நாளுக்குச் செல்லுபடியாக வேண்டும், விலை மாற்றத்துக்கு ஏதாவது வாசகம் இருக்கிறதா என்ற இரண்டையும் டென்டர் பத்திரம் வாங்கிய அன்றே பாருங்கள். 91 நாள் என்று இருந்தால், மூன்று மாதத்துக்குப் பிறகு வரும் சந்தை விலையை இன்றே ஊகித்துப் போடச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

விலை குறைவாக இருந்தும் தள்ளுபடியாகிற மனுக்கள் பெரும்பாலும் சின்ன விஷயத்தில் விழுகின்றன. விலைமனுப் பிணையின் காலம் ஒரு நாள் குறைவு. பிணையை வங்கி தன் சொந்தப் படிவத்தில் கொடுத்துவிட்டது. வியாபாரப் பதிவில் ‘பலசரக்கு’ என்று இருக்க, மனு போட்டது தளபாடத்துக்கு. 50 இலட்சத்துக்கு மேற்பட்ட விலைமனுவுக்கு 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின்படி கம்பனிப் பதிவாளரிடம் பெறும் பி.சி.ஏ. 3 சான்றிதழ் வேண்டும், அது இல்லை. வற் பதிவு இல்லாதவர் இப்போதைய 18 வீத வரியைச் சேர்த்து எழுதியிருப்பார். அரசு பொருள் வாங்கும் விதிகளான பெறுகை வழிகாட்டல்கள், 2006இல் வந்தவற்றுக்குப் பதிலாக, 2025 ஜனவரி முதல் புதிதாக நடைமுறைக்கு வந்திருப்பதால், அதற்கு முந்திய பழைய மனுவைப் பார்த்து எழுதுவதும் ஆபத்து. நேரம் பிந்திய மனுவைத் திறக்காமலே திருப்பிவிடுவார்கள். மழைக்காலத்தில் கடைசி நாள் காலை பஸ்ஸை நம்பி கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ புறப்படாதீர்கள். பாதையில் ஒரு மண்சரிவு போதும். மனு திறக்கும்போது நீங்களோ உங்கள் ஆளோ அங்கே இருப்பதும் நல்லது. வாசிக்கப்படும் விலைகளைக் குறித்து வைத்தால் சந்தை எங்கே நிற்கிறது என்பது இலவசமாகத் தெரியும்.

பத்திரம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால் தமிழில் விளக்கம் கேட்டு எழுத்தில் கொடுங்கள். நுவரெலியா மாவட்டத்தில் இருமொழி நிர்வாகம் என்பது வெறும் பெயர்ப்பலகைக்கு மட்டும் உரியதல்ல. புரியாத நிபந்தனையில் கையெழுத்து வைத்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, ஓடர் கிடைத்துவிட்டது. தோட்டப் பாடசாலைகளுக்குப் பொருள் இறக்கும் ஓடர் என்றால் லொறி தோட்டத்தின் மேல் டிவிஷன் வரை ஏறுமா என்று முதலில் விசாரியுங்கள். ஏறாவிட்டால் அடுத்த கூலி உங்கள் தலையில்தான். ஒவ்வொரு பாடசாலையிலும் அதிபரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். பத்து இடத்தில் ஒன்பது வாங்கி, ஓர் அதிபர் லீவு என்று திரும்பி வந்தால் அந்த ஒரு துண்டுக்காக முழு பில்லும் நிற்கும். பகுதி பகுதியாக பில் போடலாமா என்பதை ஓடர் எடுக்கும்போதே கேளுங்கள்.

பாடசாலைச் சாப்பாடு வழங்கும் தாய்மாரின் நிலைதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. கதிரை விற்பவர் ஓடரை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பிள்ளைகளுக்குச் சமைப்பவர் நாளைக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? கடையில் அரிசியும் பருப்பும் கடனுக்கு வாங்குகிறார்கள். காசு பிந்தினால் கடைக்காரர் விலையைக் கூட்டுகிறார், சாப்பாட்டுக்கான விலையோ அப்படியே இருக்கிறது. இவர்கள் ‘வழங்குநர்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் யாரும் அப்படி நடத்துவதில்லை.

எல்லாப் பழியையும் அரச அலுவலகத்தின் கணக்காளர் மேல் போடவும் முடியாது. திறைசேரியிலிருந்து கட்டுநிதி (செலவுக்கு அனுப்பும் காசு) வராவிட்டால் அவர் எதிலிருந்து செக் எழுதுவார்? டிசம்பரில் வரும் அவசர ஓடர்தான் இதில் மோசம். வருடத்து ஒதுக்கீடு முடிவதற்குள் செலவழிக்கத் துடிப்பார்கள். 31ஆம் திகதிக்குள் பில் பாஸாகாவிட்டால் அது அடுத்த வருடத்து நிதியில் வரிசைக்குப் போய் நிற்கும். டிசம்பர் ஓடர் எடுப்பவர் ஏப்ரலில் காசு வரும் என்று வைத்து விலை போடட்டும்.

பிந்தினால் முதலில் அந்த விடயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் பில் எந்த மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு திகதியிட்ட கடிதம், பிரதியில் ‘கிடைத்தது’ முத்திரையுடன். அதற்கும் பதிலில்லை என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும், தகவல் எதற்கு என்று உங்களிடம் காரணம் கேட்க முடியாது. உங்கள் மனு ஏன் தள்ளுபடியானது என்பதையும் இதில் கேட்கலாம். பில்லை நகர்த்தக் கை நீட்டினால் இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954. கேள்வி கேட்டால் அடுத்த முறை ஓடர் தர மாட்டார்கள் என்ற பயம் இருக்கிறது. பொய்யான பயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று நான்கு வழங்குநர் சேர்ந்து ஒரே கடிதத்தில் கேட்டால் யாரையும் தனியாகக் குறிவைப்பது கடினம்.

வருடக் கடைசியில் அடுத்த வருடத்துக்கான வழங்குநர் பதிவு விளம்பரங்கள் வரத் தொடங்கும். கட்டணம் திருப்பித் தரப்படாது. கண்ட அலுவலகத்திலெல்லாம் பதியாமல், அலுவலகம் பொருளைப் பெற்ற திகதிக்கும் காசு தந்த திகதிக்கும் இடையில் எத்தனை நாள் என்று உங்கள் பழைய பில்களைப் பார்த்து ஒவ்வொரு அலுவலகத்துக்கும் எழுதி வையுங்கள். பதிவதா, பதிந்தால் விலையில் எவ்வளவு கூட்டுவது என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவெடுக்கலாம்.