வைஸ் வாங்கும்போது கையில் இரண்டு துண்டுத் தாள் இருக்கட்டும்

பழுது பார்க்க என்னிடம் வரும் துப்பாக்கிகளில் பல, வீட்டில் பெஞ்ச் வைஸில், அதாவது வேலை மேசையில் பொருத்தி, இரு தாடைகளுக்கு நடுவே பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவியில், மாட்டியதால் கெட்டவை. ஒருமுறை ஒரு ஷாட்கன் குழல் வந்தது. தனியாகக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். உள்ளே வட்டம் வட்டமாகத் தெரிய வேண்டிய நிழல் ஓரிடத்தில் முட்டை வடிவில் நெளிந்திருந்தது. "வழுக்கிக்கொண்டே இருந்தது, அதனால் இன்னும் இறுக்கினேன்" என்றார் கொண்டுவந்தவர். அவர்மேல் தப்பில்லை. ஆட்டம் உள்ள வைஸ் யாரையும் அப்படித்தான் இறுக்க வைக்கும்.

அதனால் வாங்கும்போதே சோதித்துவிடுங்கள். தாடைகளின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு தாள் துண்டை வைத்து லேசாக மூடி, இழுத்துப் பாருங்கள். ஒன்று பிடித்து மற்றொன்று உருவிக்கொண்டு வந்தால் தாடைகள் இணையாக இல்லை. அப்புறம் பாதி திறந்து, நகரும் தாடையை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். 'கடகட'வென்று ஆடினால் வேண்டாம்.

வார்ப்பு என்ன இரும்பு என்று கட்டாயம் கேளுங்கள். சாதாரண வார்ப்பிரும்பில் கிராஃபைட் செதில் செதிலாக இருக்கும். பலமாக அடி விழுந்தால் விரிசல் அந்தச் செதில்கள் வழியாகவே ஓடிவிடும். டக்டைல் இரும்பில் அது உருண்டை உருண்டையாக இருப்பதால் சட்டென்று உடையாது. காசு கொஞ்சம் கூடினாலும் இதையே வாங்கச் சொல்வேன். தாடை அகலம் 4 முதல் 5 அங்குலம் போதும். சுழலும் அடித்தளம் வசதிதான், ஆனால் ஆட்டம் முதலில் தொடங்குவது அங்கேதான்.

வைஸை மேசையில் பொருத்த மர ஸ்க்ரூ வேண்டாம். பலகையை ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு, அடியில் பெரிய வாஷர் வைத்து முடுக்குங்கள். தாடையின் மேல்பக்கம் உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். கைப்பிடியில் பைப்பைச் சொருகி இறுக்கவே கூடாது.

துப்பாக்கியின் எந்தப் பாகத்தையும் வெறும் தாடையில் வைக்காதீர்கள். குழலுக்கு, அதன் வெளிவட்டத்துக்குச் சரியாகத் துளையிட்டு, நடுவே அறுத்த மரக்கட்டை. மற்றவற்றுக்குத் தோல் அல்லது அலுமினியத் தாடை உறை. இயக்கப் பகுதியின் கூடு மெல்லிய சுவர் கொண்டது. அதைப் பக்கவாட்டில் இறுக்கினால் உள்ளே நகர வேண்டியவை சிக்கிக்கொள்ளும். குழலைத் திருகிக் கழற்றும் வேலையை, அதற்கென்று கருவி வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு வேலை. தோட்டாக்கள் வேறு அறைக்குப் போக வேண்டும். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தைத் திறந்து கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்ப்பேன். காலி என்று சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள், இருந்தாலும் பார்ப்பேன். பிறகுதான் வைஸ் பக்கம் திரும்புவேன்.