கூர் போடும் ஜிக் உடைந்தால் எதை மாற்றலாம், எதில் கைவைக்கக் கூடாது

உளியைக் கூர் போட ஒரே கோணத்தில் பிடித்துக்கொள்ளும் ஜிக்கின் குமிழைத் திருகத் திருக இறுகுகிற மாதிரி இருந்தது. கடைசிக் கால் சுற்றில் சட்டென்று வழுக்கிச் சும்மா சுற்றியது. உள்ளே மரை போய்விட்டது என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. ஆனால் லேத்தில் கிண்ணம் பாதியில் நின்றது, உளியும் மழுங்கியிருந்தது. ஒரு தடவைதானே என்று கட்டிங் பிளேயரால் இன்னொரு திருப்புத் திருப்பிவிட்டு, ஜிக்கோடு கவுஜை, அதாவது அந்தக் குழிவான உளியை, கிரைண்டரில் வைத்தேன். இரண்டாவது வீச்சில் உளி முன்னால் நழுவிக் கல்லில் ஏறியது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. உளியின் இடது இறக்கையில் (பக்கக் கூர்விளிம்பில்) ஒரு குழி விழுந்தது. அதைச் சரிக்கட்ட, நல்ல எஃகு நகக்கண் அளவுக்குப் பொடியாகிப் போனது.

மரக்கடைசலைத் தொழிலாகச் செய்துகொண்டே பிறருக்கும் கற்றுக்கொடுக்கிறேன். கற்க வருகிறவர்கள் உடைந்த ஜிக்கைப் பையில் போட்டுக்கொண்டு வருவது வழக்கம். பெரும்பாலும் ஏற்கெனவே யாரோ கைவைத்திருப்பார்கள்: கம்பி சுற்றியிருக்கும், பசை வழிந்திருக்கும், வேறு எதிலோ இருந்து கழற்றிய போல்ட் ஒன்று கோணலாக ஏறி நிற்கும். முதலில் போன துண்டு சின்னது. அதைச் சரிசெய்கிறேன் என்று கெடுத்த துண்டுதான் பெரியது. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

கவுஜ் ஜிக் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உளியை ஒரு பிடி கவ்வுகிறது. பிடியில் இருந்து ஒரு கால் சாய்ந்து இறங்குகிறது. காலின் நுனி, கல்லுக்குக் கீழே நீட்டியிருக்கும் தண்டின் குழியில் அமர்ந்து, அந்தப் புள்ளியை வைத்து உளி இடமும் வலமும் ஊசலாடுகிறது. வுல்வரின் என்ற கூர்போடும் அமைப்பின் வேரி-கிரைண்ட் ஜிக் இப்படித்தான் வேலை செய்யும். டார்மெக் என்ற நீர்க்கல் கிரைண்டரில் ஜிக் 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள தாங்குகம்பியின் மேல் உட்கார்ந்து அசைகிறது. எந்த வகையானாலும் உளியின் முகத்தைத் தீர்மானிப்பவை மூன்று: பிடிக்கு வெளியே உளி எவ்வளவு நீட்டியிருக்கிறது, கால் எந்தச் சாய்வில் இருக்கிறது, அந்த ஊசலாட்டப் புள்ளி கல்லில் இருந்து எவ்வளவு தூரம். மூன்றில் ஒன்று மாறினாலும் நேற்று போட்ட சரிவு இன்று வராது.

உடைந்த துண்டைப் பார்க்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வியும் இதில் இருந்து வருவதுதான்: இது வெறுமனே இறுக்குகிற துண்டா, அளவை வைத்திருக்கிற துண்டா? குமிழ், போல்ட், வாஷர், சிறகு நட்டு எல்லாம் இறுக்குபவை. அளவும் வலுவும் பொருந்தினால் எங்கே வாங்கியதைப் போட்டாலும் ஜிக்குக்குத் தெரியாது. கால், அதன் நுனி, பிடியின் உடல், குழி வைத்த தண்டு இவையெல்லாம் அளவைச் சுமப்பவை. இவற்றில் ‘ஏறக்குறைய’ என்பதற்கு இடமில்லை. தயாரித்தவரிடமே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் முழு ஜிக்கையே மாற்றுங்கள். சிக்கனம் பேசி இந்த இடத்தில் நான் நிறையத் தோற்றிருக்கிறேன்.

இறுக்குகிற துண்டுகளில் ஆளை ஏமாற்றுவது மரைதான். வட அமெரிக்காவில் உருவான ஜிக்குகளில் அங்குல மரை இருக்க வாய்ப்பு அதிகம். ஐரோப்பியத் தயாரிப்பென்றால் மில்லிமீட்டர் மரையை எதிர்பார்க்கலாம். நகல்களில் எது வேண்டுமானாலும் வரும். ஒரே ஜிக்கில் இரண்டும் கலந்து வந்ததையும் பார்த்திருக்கிறேன். எம்8 போல்ட்டின் வெளிவிட்டம் பெயரளவில் 8 மில்லிமீட்டர். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94. கையில் இருக்கும் போல்ட் பெயரளவைவிடச் சற்று மெலிந்துதான் இருக்கும் என்பதால், வெர்னியரை வைத்து மட்டும் எது எது என்று சொல்ல முடியாது. மரையின் இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும். எம்8-ல் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 1.25 மில்லிமீட்டர். 5/16-ன் வழக்கமான பருமரையில் அங்குலத்துக்கு 18, அதாவது 1.41 மில்லிமீட்டர்.

ஒன்றிரண்டு மரையில் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது. பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்து பாருங்கள்: எம்8 என்றால் 12.5 மில்லிமீட்டர், 5/16 என்றால் 14.1. அதேபோல எம்6-ல் பத்து இடைவெளிக்குச் சரியாக 10 மில்லிமீட்டர், 20 மரையுள்ள கால் அங்குல போல்ட்டில் 12.7. போல்ட்டில் அவ்வளவு நீளம் இல்லையென்றால் ஐந்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அளவுகோலே கையில் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. அளவு தெரிந்த போல்ட் ஒன்றைப் பழைய போல்ட்டோடு பக்கவாட்டில் ஒட்டிவைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் நீளவாக்கில் முழுக்கப் படிந்து நடுவில் வெளிச்சம் ஒழுகாமல் இருந்தால் இரண்டும் ஒரே இடைவெளி. நடுவில் எங்காவது வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தால் வேறு.

இதைச் செய்யாமல் ‘இரண்டு சுற்று ஏறிச்சே’ என்று ஸ்பேனரை வைப்பவர்களுக்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். தவறான போல்ட்டும் இரண்டு சுற்று ஏறும். அதற்கு மேல் ஏறுவது மரையில் அல்ல. எஃகு போல்ட், மெத்தென்ற துத்தநாக வார்ப்பைச் சுரண்டிக்கொண்டு தனக்கென்று வழி வெட்டுகிறது. ஒரு குமிழோடு முடிய வேண்டிய விஷயம் அங்கே பிடியின் உடலுக்குப் போய்விடுகிறது.

மரை பிடியின் உடலிலேயே தேய்ந்துபோயிருந்தால், சுற்றிலும் போதிய சதை இருக்கும் பட்சத்தில், துளையைப் பெரிதாக்கி, டேப் போட்டுப் புது மரை வெட்டி, ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையை இறக்கலாம். வார்ப்பில் முன்பு இருந்த மரையைவிட அது உறுதியாகவே நிற்கும். துளை நேராக விழ வேண்டும். டிரில் பிரஸ் இல்லாதவர்கள் இதைத் தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுவது நல்லது. சுவர் மெல்லியதாக இருந்தால் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, போல்ட்டின் நுனி. சில ஜிக்குகளில் நுனிக்குக் கீழே பித்தளையிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு சின்ன மெத்தை இருக்கும். பழைய போல்ட்டைக் கழற்றும்போது அது தரையில் உருண்டு மரச்சுருளோடு குப்பைக்குப் போய்விடும். மெத்தை இல்லாத புதுப் போல்ட் உளியை ஒரே புள்ளியில் குத்தி நிற்கும். கெட்டியாகப் பிடித்திருப்பதாகத் தோன்றும், ஆனால் உளி அச்சில் சுழலும். கூர் போட்டு முடித்த பின் ஒரு இறக்கை நீண்டும் மற்றது குட்டையாகவும் வந்தால், உங்கள் கையைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்த நுனியைப் பாருங்கள். கழற்றிய நுனி காளான் மாதிரி விரிந்திருந்தால், ரொம்ப நாளாக அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள். விரிந்த நுனியை அப்படியே திருகி வெளியே இழுத்தால் உள்மரையையும் அள்ளிக்கொண்டு வரும். நுனி தெரியும் பக்கமாக அரம் போட்டு விளிம்பைக் குறைத்த பிறகு கழற்றுங்கள்.

பிடியின் உடலில் விரிசல் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் மண்ணெண்ணெயும் சாக்கட்டியும் போதும். கிரைண்டரும் தணலும் இல்லாத இடத்தில் வைத்துச் செய்யுங்கள். பிடியைத் துடைத்துவிட்டு மண்ணெண்ணெயில் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். பிறகு துணியால் வறட்டென்று துடைத்து, மேலே சாக்பொடியைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியின் மேல் மயிரிழை மாதிரி கறுத்த கோடு எழும். போன வருடம் ஒருவர் கொண்டுவந்த பிடியில், போல்ட் துளையில் தொடங்கி விளிம்பு வரைக்கும் அப்படி ஒரு கோடு எழுந்து நின்றது. காலையில்கூட அதில் கூர் போட்டுவிட்டு வந்தேன் என்றார்.

விரிசல் விட்ட வார்ப்பை ஒட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். எபாக்ஸி பசை அழுத்தத்தைத் தாங்கும். பிளக்கிற இழுவிசைக்கு முன்னால் அதன் பாச்சா பலிக்காது. இறுக்கும் பிடியில் விழுவது அந்தப் பிளக்கிற விசைதான். துத்தநாக வார்ப்பு 400 டிகிரி செல்சியஸைத் தொடும் முன்பே உருகிவிடும், ஆகவே பற்றவைப்பும் சாதாரணப் பட்டறை வேலையில்லை. முப்பரிமாண அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பிடிகளும் இப்போது புழங்குகின்றன. பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கும். தொடர்ந்து இறுக்கத்தில் இருந்தால் அதற்குக் குறைந்த சூட்டிலும் மெல்ல விட்டுக்கொடுக்கும். நீட்டம் பார்க்கும் அளவுக்கட்டைக்கு அது போதும், சுழலும் கல்லின் முன்னால் உளியைப் பிடித்துக்கொள்ளப் போதாது.

தயாரித்தவரிடம் துண்டு கேட்கும்போது ‘கவுஜ் ஜிக்குக்கு ஒரு கால் வேண்டும்’ என்று எழுதினால் பதில் வர நாளாகும், வருவதும் தப்பாக வரும். டார்மெக்கில் எஸ்விடி-185 இருந்தது, பிறகு 186 வந்தது, அதன் பின் 186 ஆர். வேரி-கிரைண்ட் ஒன்று, வேரி-கிரைண்ட் 2 வேறு. எல்லாம் பார்க்க ஒரே குடும்பம்தான், ஆனால் ஒன்றின் துண்டு இன்னொன்றில் பொருந்தும் என்று நம்பிப் பணம் கட்டக் கூடாது. ஜிக்கோடு வந்த தாளில் துண்டு துண்டாகப் பிரித்து வரைந்த படமும் எண்களும் இருந்தால் அந்த எண்ணையே எழுதுங்கள். தாள் தொலைந்துவிட்டதா? உடைந்த துண்டை அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு பக்கமும் படமெடுங்கள், முழு ஜிக்கையும் ஒரு படம், மரை அளவு ஒரு வரி. வாங்கியது நகல் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அசல் துண்டு நகலில் உட்காராது என்பது அவர்களுக்குத் தெரியும், நமக்கும் ஒரு பார்சல் மிச்சம்.

துண்டு வந்து சேரும்வரை உளி மழுங்காமல் இருக்காது. ஸ்க்ரேப்பருக்கும் பார்ட்டிங் உளிக்கும் தட்டைத் தாங்கியே போதும், ஜிக் தேவையில்லை. கவுஜையும் அதே தாங்கியில் கையால் உருட்டிப் பிடிக்கலாம், பழக வேண்டும், அவ்வளவுதான். சாதாரணக் கல் என்றால் தாங்கிக்கும் அதற்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து வேண்டாம். உளி அதற்குள் இழுபட்டால் கல்லே வெடிக்கலாம். நகர்த்துவதானால் கிரைண்டரை நிறுத்தி, கல் முழுக்க நின்ற பிறகு நகர்த்துங்கள். தற்காலிகம் என்று அலுமினியத்தில் ஒரு பிடி செய்கிறவர்கள், அது கல்லில் உரசாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அலுமினியம் கல்லின் துளைகளை அடைத்துக்கொள்ளும். அடைந்த கல் வெட்டாது, சூடு மட்டும் ஏறும்.

புதுத் துண்டு வந்து மாட்டியானதும் உடனே மோட்டாரைப் போடாதீர்கள். உளியின் சரிவு முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசுங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, உளியை ஜிக்கில் வைத்து, கல்லைக் கையாலேயே அரைச் சுற்றுச் சுற்றுங்கள். கறுப்பு சரிவு நெடுக, குதியில் (சரிவின் பின்விளிம்பில்) இருந்து கூர் வரை ஒன்றாகப் போயிருந்தால் பழைய அளவு திரும்பிவிட்டது. கூர் முனையில் மட்டும் போனால் கோணம் மழுக்கமாகிவிட்டது, குதியில் மட்டும் போனால் கோணம் ஒடுங்கிவிட்டது. காலின் சாய்வை முதலில் தொடாதீர்கள். நீட்டம் பழையபடி இருக்கிறதா என்று பாருங்கள், அதற்குப் பின் தண்டின் தூரம், கடைசியில்தான் கால். நடு மூக்கில் சரியாக வந்தால் மட்டும் போதாது, இரண்டு இறக்கைகளிலும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். காலின் நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் மூக்கு ஒழுங்காக இருக்கும், இறக்கையில் குட்டு வெளிப்படும்.

இந்தச் சோதனைக்கெல்லாம் பழைய அளவு எங்கேயாவது எழுதியிருக்க வேண்டுமே! என்னுடையது எழுத்தில் இல்லை. ஜிக் ஒழுங்காக இருந்தபோதே ஒரு கட்டைத் துண்டில் உளியின் நீட்டத்துக்கு ஒரு படி வெட்டி, தண்டின் தூரத்துக்கு இன்னொரு கட்டை அறுத்து, காலின் சாய்வை அட்டையில் கோடு போட்டு வைத்திருந்தேன். குமிழ் போன அன்று அந்த மூன்றும் கிரைண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. புதுக் குமிழை மாட்டிப் பழைய சரிவுக்கு வந்து சேரப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பாதிக் கிண்ணம்தான் ஈரமரம். பார்சலுக்குக் காத்திருந்த நாட்களில் காய்ந்து கோணி, விளிம்பு பிளந்துபோயிருந்தது.