முந்நூறு வரை சரி வந்தால் அது நிரூபணம் ஆகாது, தம்பி

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து போன வாரம் ஓர் அப்பாவும் மகனும் என்னைப் பார்க்க வந்தார்கள். பையன் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு. பகா எண்ணை (1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்ணை) கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் பிடித்துவிட்டானாம். 7 பகா எண்ணா என்று பார்க்க வேண்டுமா? 2ஐ ஏழு தடவை எழுதிப் பெருக்கினால் 128. அதில் 2ஐக் கழித்தால் 126. அது 7ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது, ஆகவே 7 பகா எண். 6க்கு இதையே செய்தால் 62 வரும், 6ஆல் வகுபடாது, ஆகவே 6 பகா எண் இல்லை. பைத்தானில் 300 வரை ஓட்டிப் பார்த்திருக்கிறான், ஓர் இடத்திலும் பிசகவில்லை.

அப்பா பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். இதற்குக் காப்புரிமை வாங்கித் தருவதாக யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்த செலவுக் கணக்கு. பாதிப் பணம் கட்டியாகிவிட்டது. "மீதியைக் கட்டலாமா சார்?" என்று கேட்டார்.

இப்படி வருகிறவர்கள் ஒருவர் இருவர் இல்லை. அதனால் பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கணித முறைக்கு இந்தியாவில் காப்புரிமை கிடையாது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவே அதைத் தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது. வாங்கித் தருகிறேன் என்று சொல்பவருக்கு அது தெரியாமல் இருக்காது. அதே மாதிரி, பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரையைப் போட்டுவிடும் 'சர்வதேச' இதழ்கள். அதில் வந்த கட்டுரையை யாரும் படிப்பதில்லை, அச்சடிக்கும் முன் அவர்களும் படிப்பதில்லை. சாதனைச் சான்றிதழ், கேடயம், சால்வை எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். நகை அடகு வைத்துக் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

சரி, சூத்திரத்துக்கு வருவோம். பையனிடம் 341ஐப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கம்ப்யூட்டர்கூட வேண்டாம். 2ஐப் பத்துத் தடவை பெருக்கினால் 1024. அது 341இன் மூன்று மடங்கைவிட ஒன்று அதிகம், அதாவது மீதி 1. 340 என்பது 34 பத்து, அப்படியானால் 340 தடவை பெருக்கினாலும் மீதி 1தான், 341 தடவை பெருக்கினால் மீதி 2. அந்த 2ஐக் கழித்தால் அழகாக வகுபட்டுவிடும். ஆனால் 341 என்பது 11 பெருக்கல் 31. பகா எண்ணே இல்லை. இதை 1819லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பையன் இன்னும் நாற்பத்தோர் எண் கூட ஓட்டியிருந்தால் அவனே பார்த்திருப்பான்.

அப்பா விடவில்லை. "ஒண்ணு தப்பிப் போச்சுன்னா என்ன சார், மத்ததெல்லாம் சரிதானே?" எனக்குக் கோபம் வருவதே இந்தக் கேள்வியில்தான், அதுவும் கணிதம் படித்தவர்கள் கேட்கும்போது. ஆயிரத்துக்குள் 341, 561, 645 என்று மூன்று எண்கள் இப்படி ஏமாற்றுகின்றன. அதற்கு மேலும் முடிவில்லாமல் உண்டு என்று நிரூபித்தாகிவிட்டது. ஆனால் ஒன்றே ஒன்று தப்பியிருந்தாலும் அது தேற்றம் இல்லை. எண்களுக்கு முடிவு கிடையாது. முந்நூறு சரிபார்த்தாலும் முந்நூறு கோடி சரிபார்த்தாலும் பார்க்காமல் விட்டதுதான் அதிகம்.

ஓர் எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கி 41ஐக் கூட்டுங்கள். 0 முதல் 39 வரை எதை எடுத்தாலும் விடை பகா எண். நாற்பது தடவை சரி! 40ஐ எடுத்தால் 1681 வரும், அது 41இன் வர்க்கம். இன்னொன்று: 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தையும் பார்த்துவிட்டு, இந்த வரிசையில் (ஓர் எண்ணில் 1ஐக் கழித்து, வர்க்கமாக்கி, 1ஐக் கூட்டினால் அடுத்த எண்) வருவதெல்லாம் பகா எண்தான் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். அடுத்தது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. அது 641ஆல் வகுபடும் என்று 1732இல் ஆய்லர் காட்டினார். 1919இல் போல்யா என்ற கணித அறிஞர் எண்களைப் பற்றி ஊகித்த ஒன்று முதன்முதலில் பொய்த்துப் போகும் இடம் 90 கோடியே 61 லட்சத்து 50 ஆயிரத்து 257. அதுவரை உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு என்ன தோன்றும் சொல்லுங்கள்?

நம்ம பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் 1901இல் பிறந்தவர் எஸ்.எஸ். பிள்ளை, பெரிய எண்ணியல் அறிஞர். (கணிதம் எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கே இந்தப் பெயர் தெரியவில்லை. வயிற்றெரிச்சல்.) அடுத்தடுத்த சில எண்களை எடுத்துக்கொண்டால், மற்ற எதனோடும் 1ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாத ஓர் எண்ணாவது அவற்றில் இருக்குமா என்று அவர் கேட்டார். இரண்டு எண் எடுத்தால் இருக்கும். மூன்று, பத்து, பதினாறு வரை எங்கிருந்து தொடங்கினாலும் இருக்கும். பதினேழில் உடைகிறது. 2184 முதல் 2200 வரை எழுதிப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டாளி கிடைக்கும். பதினாறு வரை சரி என்பதை அவர் சரிபார்த்துவிட்டுப் போகவில்லை, நிரூபித்தார். வித்தியாசம் அதுதான்.

உசிலம்பட்டிப் பையன் செய்த இன்னொரு தப்பு, மறுதலையைக் கவனிக்காதது. எல்லாப் பகா எண்ணும் அந்தச் சோதனையில் தேறும் என்பது உண்மை. ஃபெர்மா 1640இல் சொன்ன சிறிய தேற்றம்தான் அது. தேறுவதெல்லாம் பகா எண் என்பது வேறு வாக்கியம். மதுரைக்காரர் எல்லாம் தமிழ்நாட்டுக்காரர், தமிழ்நாட்டுக்காரர் எல்லாம் மதுரைக்காரரா?

அதற்காக அவனை விரட்டிவிடவில்லை. அவன் தொட்டது நல்ல நரம்பு. அந்தச் சிறிய தேற்றத்தின் விரிவை வைத்துத்தான் 2002இல் ஐ.ஐ.டி. கான்பூரில் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும், ஓர் எண் பகா எண்ணா என்று ஐயத்துக்கு இடமில்லாமல், வேகமாகச் சொல்லும் வழியைக் கொடுத்தார்கள். நிரூபணத்தோடு.

இவ்வளவு சொன்ன பிறகும் "ராமானுஜன் நிரூபணமா எழுதினார்?" என்று ஒருவர் கேட்பார். எழுதினார். 1915இல் வெளிவந்த அவருடைய நீண்ட கட்டுரையைப் புரட்டினால் தெரியும். நோட்டுகளில் முடிவுகள் மட்டும் இருப்பதற்கு, காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டதும் ஒரு காரணம். அப்புறம், 1913இல் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் பகா எண்களைப் பற்றி அவர் சொன்னவற்றில் சில தவறு. ராமானுஜனுக்கே அப்படி.

பெற்றோருக்கு: பிள்ளை எதையாவது கண்டுபிடித்தேன் என்றால் சந்தோஷப்படுங்கள், பத்திரிகைக்குப் போன் போடாதீர்கள். பக்கத்துக் கல்லூரியில் கணிதம் நடத்தும் யாரிடமாவது காட்டுங்கள், காசு கேட்க மாட்டார்கள். ஒலிம்பியாட் பயிற்சி என்று சேர்த்துவிடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் கட்டமான ஐ.ஓ.கியூ.எம். தேர்வில் விடையை மட்டும் நிரப்பினால் போதும். அடுத்த கட்டமான ஆர்.எம்.ஓ.வில் நிரூபணத்தை முழுதாக எழுத வேண்டும். குறுக்கு வழி மட்டும் பழகிய பிள்ளை அங்கே வெள்ளைத்தாளோடு உட்கார்ந்திருக்கும்.

தம்பி, தங்கச்சிகளுக்கு: இன்னும் யாரும் நிரூபிக்காத ரீமான், கோல்ட்பாக் ஊகங்களைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். பத்தாம் வகுப்பு சமச்சீர் புத்தகத்தில் 'எண்களும் தொடர்வரிசைகளும்' பாடம் இருக்கிறதே, அதைத் திரும்ப எடுங்கள். யூக்ளிடின் வகுத்தல் வழிமுறையைக் கையால் போடுங்கள், அது ஏன் நின்றுவிடுகிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். மட்டு எண்கணிதத்தை, அதாவது மீதிகளை வைத்துப் போடும் கணக்கை, நன்றாகப் பழகுங்கள். மேலே 341க்கு நான் செய்தது அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள், தப்பே இல்லை, ஆனால் தப்பும் இடத்தைத் தேடி ஓட்டுங்கள். சாட்பாட் எழுதிக் கொடுக்கும் நிரூபணத்தை என்னிடம் கொண்டுவராதீர்கள், மூன்றாவது வரியைப் பற்றிக் கேட்டால் முழிக்கிறீர்கள். மதுரை நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இல் திறந்தாகிவிட்டது. போட்டித் தேர்வுக்கு இடம் பிடிக்கப் போகிறவர்கள் கணிதப் புத்தகங்கள் பக்கமும் ஒரு நடை போய்வரலாம்.

என்னைப் பார்க்க வருவதானால் ஒரு வேலை தருகிறேன். அந்த 2184 முதல் 2200 வரையிலான பதினேழு எண்களோடும் 30030ஐக் கூட்டுங்கள். புதிய பதினேழும் அதே மாதிரிதான் இருக்கும். ஏன் என்று பத்து வரியில் எழுதிக்கொண்டு வாருங்கள். கூட்டிச் சரிபார்த்த பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம்.