பிளாக்லிஸ்ட் – வேலைவிலக்குப் பட்டியல்

தொல்லை தரும் போன் எண்ணைத் தடுப்பதற்கும், வேலையைக் கெடுத்த ஒப்பந்ததாரரை ஒதுக்குவதற்கும் இன்று பிளாக்லிஸ்ட் என்கிறோம். 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கிய சொல் இது. ஆனால் அது எத்தனை கொடிய கருவி என்பதை அமெரிக்க ரயில் தொழிலாளர்கள்தான் அனுபவித்தார்கள்.

சிகாகோவை மையமாகக் கொண்ட ரயில் கம்பெனிகளின் பொது மேலாளர்கள் 1886இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். 1894இல் அதில் 24 கம்பெனிகள். அவற்றில் சுமார் 2,21,000 ஊழியர்கள். அந்த ஆண்டு மே மாதம், கூலிக் குறைப்பை எதிர்த்து, ரயில் பெட்டி செய்யும் புல்மன் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூன் 26 முதல், யூஜீன் டெப்ஸ் தலைமையிலான ரயில்வே தொழிற்சங்கம் புல்மன் பெட்டிகளைத் தொட மறுத்தது. சரக்குக்கும் பயணிக்கும் போட்டியிட்ட கம்பெனிகள், தொழிலாளிக்கு எதிரே ஒரே முதலாளியாக நின்றன. அரசின் சிறப்புக் காவலர்கள் 3,600 பேரைத் தேர்ந்தெடுத்து, துப்பாக்கியும் சம்பளமும் கொடுத்தது கம்பெனிகள்தான் என்று அரசு விசாரணைக் குழுவே பின்னர் எழுதியது.

போராட்டம் முறிந்ததும் கம்பெனிகளின் பிளாக்லிஸ்ட் வேலை செய்தது. ஒரு லைனில் நீக்கப்பட்டவர் அடுத்த லைனுக்குப் போனால், பழைய கம்பெனியின் சான்றுக் கடிதத்தைக் கேட்பார்கள். கடிதத்தில் குறையாக ஒரு வரியும் இராது. தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தலை துண்டான கொக்கு நீர்க்குறியாகத் தெரியும், 'வேலை கொடுக்காதே' என்பதற்கு அதுதான் சைகை என்று தொழிலாளர்கள் சொல்லிவந்தார்கள். நீக்கப்பட்டவருக்கு வேறிடத்திலும் வேலை கிடைக்காமல் தடுப்பதை 1898இன் எர்ட்மன் சட்டம் என்ற அமெரிக்க ரயில்வே தொழிலாளர் சட்டம் குற்றமாக்கியது.

நாம் 'கறுப்புப் பட்டியல்' என்கிறோம். நேர் மொழிபெயர்ப்புதான், ஆனாலும் பழுதில்லை. "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்பது தொல்காப்பியம். வெகுளி என்றால் இங்கே சினம். முதலாளியின் வெகுளி எழுதிய பட்டியல் என்று கொண்டால் சொல் நன்றாகவே பொருந்துகிறது. இடையின 'ரு' போட்டால் கருப்பு பஞ்சத்தையும் குறிக்கும். அது பட்டியலில் பெயர் ஏறியவர் வீட்டுக் கதை.

இருந்தாலும் அந்தச் சொல்லில் நடந்த செயல் தெரியவில்லை. 'லாக்அவுட்' என்பதற்குக் கதவடைப்பு என்றோம். கேட்டவுடன் சாத்திய ஆலைக் கதவு கண்ணில் நிற்கிறது. அதேபோல, ஊர்விலக்கம் என்ற சொல்லை அறிந்த நமக்கு வேலைவிலக்கு என்பதும் உடனே புரியும். போன் எண்ணுக்குத் 'தடைப்பட்டியல்' போதும். தொழிலாளியின் பெயர் ஏறிய தாளுக்கு 'வேலைவிலக்குப் பட்டியல்' என்றே எழுதுவேன்.