‘சின்னக் கீறல்தானே, டொக்டர்!’

போன வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் கிளினிக்குக்கு ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். இலங்கையின் கிழக்குக் கரையிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். பெண் பிள்ளை, பிறந்து 40 நாள். எடை சரி, தடுப்பூசி சரி. கிளம்பும்போது மாமியார் குரலைத் தாழ்த்தினார்: “மகள், இவளுக்குச் சுன்னத் செய்யணும். ஊருல எண்டா ஒஸ்தா மாமி வருவா. இங்க ஆரும் இல்ல. நீங்களே சின்னக் கீறல் ஒண்டு போட்டுத் தாங்க.” அவர் கேட்டது பெண் குழந்தையின் பிறப்புறுப்பில் கத்தி வைப்பதை; ஊரில் அதைச் செய்யும் பெண்ணைத்தான் ஒஸ்தா மாமி என்பார்கள். மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருடத்தில் இது மூன்றாவது. மூன்று வீட்டிலும் ஒரே காரணம்: மார்க்கத்தில் இருக்கிறதாம்.

சரி, மார்க்கத்தையே பார்ப்போம். நானும் இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்றான ஷாஃபியைப் பின்பற்றும் குடும்பத்தில் பிறந்தவள்தான். ஷாஃபி நூல்களில் பெண்ணுக்கும் வாஜிப், அதாவது கட்டாயம், என்று இருப்பது உண்மை, மறைக்க வேண்டாம். மற்றச் சட்டப் பள்ளிகளான ஹனஃபிகளும் மாலிகிகளும் அப்படிச் சொல்லவில்லை. குர்ஆனில் இதைப் பற்றி ஒரு வசனமும் இல்லை. எல்லோரும் நீட்டுவது அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்பில் உள்ள, உம்மு அதிய்யா என்ற பெண் அறிவித்த ஹதீஸைத்தான் (நபிமொழி): மதீனாவில் இதைச் செய்துவந்த பெண்ணிடம் ‘அதிகமாக வெட்டாதே’ என்று நபி (ஸல்) சொன்னதாக. அதை எனக்கு அரபியிலேயே ஒப்பித்தவர்கள் உண்டு. ஆனால் அதே நூலில், அந்த ஹதீஸுக்குக் கீழேயே, அபூதாவூத் இமாம் எழுதிவைத்திருக்கிறார்: இதன் அறிவிப்பாளர் முஹம்மத் இப்னு ஹஸ்ஸான் யாரென்று அறியப்படாதவர், ஹதீஸ் பலவீனமானது. மேலே உள்ளதை மனப்பாடம் செய்தவர்கள் கீழே உள்ளதை ஏன் படிப்பதில்லை?

அடுத்து, பெண்ணுக்கும் கத்னா (சுன்னத்) உண்டு என்பதற்கு ஆதாரமாக, ‘இரு கத்னாக்கள் சந்தித்தால் குளிப்பு கடமை’ என்ற ஹதீஸைச் சொல்வார்கள்; கணவன் மனைவி உறுப்புகளைத்தான் அது அப்படிக் குறிக்கிறது. அது குளிப்பைப் பற்றிய சட்டம், கத்தியைப் பற்றியது இல்லை. இரண்டு பொருளை ஒன்றின் பேரால் சேர்த்துச் சொல்வது அரபி வழக்கம். நபியின் மனைவி ஆயிஷா (ரலி) பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் ‘இரு கறுப்புகள்’ என்றார்கள். தண்ணீர் கறுப்பா?

எகிப்தில் 2007-இல் ஒரு சிறுமி இறந்தபின், அன்றைய தலைமை முஃப்தி (மார்க்கத் தீர்ப்பு சொல்பவர்) அலி ஜுமுஆ இதை ஹராம், அதாவது மார்க்கத்தில் தடை, என்றே அறிவித்தார். அவரும் ஷாஃபிதான். அந்தப் பிள்ளை இறந்தது கிளினிக்கில் என்பதையும் கவனியுங்கள். டாக்டர் கை பட்டால் பாதுகாப்பு என்று யார் சொன்னது?

40 நாள் பிள்ளைக்கு அந்த இடம் சில மில்லிமீட்டர்தான், அதுவும் காலை உதறிக்கொண்டே இருக்கும். ‘தோல் மட்டும்’ என்று எவராலும் உத்தரவாதம் தர முடியாது. நீங்கள் சொல்லும் கீறலும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் நான்காம் வகைச் சிதைப்பு. பலன்? ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்றாவது இருந்தால் மருத்துவக் கல்லூரியில் சொல்லித் தந்திருப்பார்கள்.

தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் இடுக்கே இல்லை. 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு ஆண் பிள்ளைக்கு மதக் காரணத்துக்காகச் செய்ய அனுமதிக்கிறது. பெண் பிள்ளைக்கு முழுத் தடை. ‘அண்ணனுக்குச் செய்தீர்களே’ என்று என்னிடம் வாதாடாதீர்கள். ‘ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்வோம்’ என்றும் சமாளிக்காதீர்கள். இலங்கைச் சுகாதார அமைச்சும் 2018-இல் சுற்றறிக்கை அனுப்பி மருத்துவர்களைத் தடுத்துவிட்டது.

வாப்பாமாரே, ‘அது பொம்பளைங்க விஷயம்’ என்று ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். அந்த மருமகளின் கணவரை போனில் பிடித்தேன். வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடந்ததே அவருக்குத் தெரியவில்லை.

ஏற்கெனவே யாராவது கை வைத்துவிட்டார்களா? பவுடர், சாம்பல், மஞ்சள் எதையும் தடவாதீர்கள். சுத்தமான துணியால் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பிள்ளை சிறுநீர் கழிக்காமல் அடக்கினாலும், காய்ச்சல் வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது சட்டப்படி என் கடமை, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பயத்தில் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள், அம்மா. முதலில் ரத்தத்தை நிறுத்துவோம்.